இதயத்தைக் கடைசியில் பாருங்கள்: பழைய வாலண்டைன் அட்டைகளைப் படிக்கப் பழகுவோருக்கு

இங்கிலாந்தின் யார்க் கோட்டை அருங்காட்சியகத்தில் 1797இல் அச்சான ஒரு வாலண்டைன் அட்டை இருக்கிறது. அச்சிட்ட காதலர் தின அட்டைகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். புறா, பூ, குழந்தை உருவில் வரும் காதல் தெய்வம் க்யூபிட் எல்லாம் உண்டு. கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இந்த நல்ல நாளில் இயற்கையே காதலில் திளைக்கிறது என்கிற மாதிரி ஒரு பாட்டு ஓரத்தைச் சுற்றி ஓடுகிறது. பார்த்தால் யாரோ உருகி உருகி அனுப்பியது போலத்தான் இருக்கும். அனுப்பிய பெண் தன் கைப்பட எழுதியிருப்பதோ வேறு. எத்தனையோ தடவை வரச்சொல்லியும் நீங்கள் வரவில்லை, ஏதோ காரணம் இருக்க வேண்டும். உங்களிடம் முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும், வரும் ஞாயிறு தவறாமல் வந்து சேருங்கள் என்கிறார்.

புறாவும் பாட்டும் கடையில் வாங்கியவை. அந்தக் கோபம் மட்டும்தான் அவருடையது.

இந்த அட்டைகளில் புதிதாக ஆர்வம் வந்தவர்கள் முதலில் கேட்பது, இந்தப் பூவுக்கு என்ன அர்த்தம், இந்தப் பறவைக்கு என்ன அர்த்தம் என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்துப் புரட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஒரே சின்னம் 1820இல் ஒன்றைச் சொல்கிறது, 1910இல் வேறொன்றைச் சொல்கிறது. சில சமயம் எதையும் சொல்வதில்லை. அந்தப் படம் அச்சகத்தில் கையிருப்பில் இருந்தது, ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் நான் இப்போது பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்: காகிதம், மடிப்பு, சின்னம், கடைசியாகக் கையெழுத்து. கையில் அட்டை இல்லாதவர்கள் அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய படங்களை வைத்தே பழகலாம்.

முதல் படி: திருப்பிப் போடுங்கள்

முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். வயது தெரியாமல் சின்னத்தைப் படிக்க முடியாது.

பிரிட்டனில் 1840 ஜனவரி 10 அன்று ஒரு பென்னி தபால் கட்டணம் வந்தது. அதற்கு முன் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் கொடுக்க வேண்டும். உறை போட்டால் அதுவும் இன்னொரு தாள் கணக்கு. ஆகவே அந்தக் காலத்து அட்டை பெரும்பாலும் ஒரே தாள். அதையே மடித்து, அரக்கு முத்திரை வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதியிருப்பார்கள். மடிப்புக் கோடுகள், அரக்குக் கறை, தாளின் பின்னாலேயே முகவரி மூன்றும் இருந்தால் 1840க்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு கட்டணம் எடைக்கு என்றானது. உறை வந்தது, அட்டை கனத்தது, அடுக்கடுக்காக ஒட்டும் பழக்கம் பரவியது. அந்த ஆடம்பரத்துக்கு மனம் எவ்வளவு காரணமோ, தபால் கட்டணமும் அவ்வளவு காரணம்.

அமெரிக்க அட்டை என்றால் பின்னால் சிவப்பில் சின்னதாக ‘ஹெச்’ எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது எஸ்தர் ஹவ்லண்டின் குறி. அவரைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். ‘டபிள்யூ’ இருந்தால் அவருடைய தொழிலை 1881இல் வாங்கிய ஜார்ஜ் விட்னியின் குறி.

தபால் அட்டை வடிவில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி செய்திக்கு, மறு பாதி முகவரிக்கு என்று பிரித்திருந்தால் பிரிட்டனில் 1902க்குப் பிறகு, அமெரிக்காவில் 1907 மார்ச்சுக்குப் பிறகு. முழுப் பின்பக்கமும் முகவரிக்கே என்றால் அதற்கு முந்தியது. ‘ஜெர்மனியில் அச்சிட்டது’ என்ற வரி இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முன். அன்றைக்கு வண்ணக் கல்லச்சில் (கல்லின் மேல் படம் வரைந்து அச்சிடும் முறை) ஜெர்மன் அச்சகங்களை மிஞ்ச ஆளில்லை. 1914இல் போர் வந்ததும் அந்த வரத்து நின்றது.

இரண்டாம் படி: வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள்

லேஸ் காகிதம்தான் விக்டோரியா காலத்து அட்டையின் அடையாளம். பார்க்கத் துணி லேஸ் போலவே இருக்கும், ஆனால் முழுக்கக் காகிதம். உருக்கு அச்சின் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் வடிவம் புடைத்து நிற்கும். புடைத்த மேடுகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் அங்கே துளை விழும். லண்டனில் டாப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜோசப் அடன்புரூக் 1834இல் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்பது சேகரிப்பாளர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

மேசை விளக்கை அட்டையின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். நிஜப் புடைப்பு என்றால் நிழல் விழும். லேஸின் கீழ் ஓரத்தில், கண்ணை இடுக்கினால்தான் தெரியும் அளவில், டாப்ஸ், மான்செல், மீக், விண்ட்சர், வுட் என்று ஏதாவது ஒரு பெயர் புடைப்பாக இருக்கலாம். புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். அந்தப் பெயர் லேஸ் காகிதம் செய்தவருடையது. அட்டையை ஒட்டி முடித்தவர் வேறு ஆளாக இருக்கலாம். ஆங்கிலேய லேஸை இறக்குமதி செய்து அமெரிக்காவில் அட்டை செய்தார்கள். ஹவ்லண்டும் அப்படித்தான்.

மூன்றாம் படி: தூக்கிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சிலந்திவலை அட்டை. தேன்கூடு அட்டை என்றும் சொல்வார்கள். 1820களிலிருந்து 1840கள் வரை செய்தவை இவை. நடுவில் ஒரு வட்டம், அதன் மேல் சாதாரணமாக ஒரு பூங்கொத்தோ க்யூபிடோ வரைந்திருக்கும். அந்த வட்டத்தின் மையத்தில் ஒரு நூல். நூலை மெல்ல மேலே தூக்கினால், மிக நுட்பமாக வெட்டிய காகித வளையங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, கூண்டு போல எழும்பும். கூண்டுக்குள்ளே அடியில் இன்னொரு படம்: ஒரு ஜோடி, ஒரு முகம், சிலவற்றில் பொறியில் மாட்டிய எலி. நூலை விட்டால் எல்லாம் படுத்து மறுபடி பூங்கொத்தாகிவிடும். வலையின் வழியாகத்தான் அந்த முகத்தைப் பார்க்க முடியும். காதலைப் பற்றி அட்டை செய்தவர் சொல்ல வந்தது அந்தக் கை அசைவில்தான் இருக்கிறது, மேலே வரைந்த பூவில் இல்லை. அகராதி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத சின்னம் இது.

(நூல் இற்றுப்போயிருந்தால் தூக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆசையில் 200 வருடக் காகிதத்தைக் கிழித்தவர்கள் உண்டு.)

இதே வகையில் கதவு திறக்கும் அட்டைகள் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால அட்டைகளில் கூடாரத்தின் மடல்களை விலக்கினால் உள்ளே ஒரு சிப்பாய் இருப்பார். இன்னும் சிலவற்றில் சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். நான் நேசிப்பவரைக் காண இங்கே பார் என்றால், பார்க்கிறவருடைய முகமே தெரியும்.

நான்காம் படி: இப்போது சின்னங்கள்

சின்னங்களைத் தனித்தனியாக எடுக்காமல், அட்டை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். பழைய ஆங்கில அட்டைகளில் மிக முக்கியமான கேள்வி: இவன் கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணத்தில் இருக்கிறானா?

அதற்குப் பதில் பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். முன்னால் ஜோடி நின்றுகொண்டிருக்கும். தூரத்தில், மரங்களுக்கு நடுவே, ஒரு தேவாலயக் கோபுரம். அலங்காரத்துக்காகப் போட்ட கிராமத்துக் காட்சி என்று கடந்துவிடுவோம். அனுப்பியவரின் நோக்கம் கண்ணியமானது, பாதை தேவாலயத்துக்குத்தான் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பெண்ணின் வீட்டார் அட்டையைப் பார்த்தால் முதலில் தேடுவது அந்தக் கோபுரத்தைத்தான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. மோதிரம், தீப்பந்தம் ஏந்திய இளைஞன், பீடத்தின் மேல் எரியும் இரண்டு இதயங்கள் ஆகியவையும் இதே குடும்பம்தான். தீப்பந்தக்காரன் க்யூபிட் அல்ல; கிரேக்கர்களின் திருமணத் தெய்வமான ஹைமன். இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வில்லும் அம்பறாத்தூணியும் வைத்திருந்தால் க்யூபிட், தீப்பந்தமும் மாலையும் என்றால் பெரும்பாலும் ஹைமன்.

க்யூபிட் நம் மன்மதனுக்கு உறவு போலத் தோன்றினாலும், மன்மதன் இளைஞன். இந்த அட்டைகளில் வருவது குழந்தை. கவனிக்க வேண்டியது அவன் என்ன வேலை செய்கிறான் என்பதைத்தான். அம்பு எய்தால் பழைய கதை. தபால்காரன் வேடத்தில் பையோடு வந்தால் 1840க்குப் பிந்தைய தபால் மோகம் அட்டைக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். காதல் வங்கியின் நோட்டு என்ற பெயரில் பண நோட்டுப் போலவே அச்சிட்ட வேடிக்கை அட்டைகளும் அந்தக் காலத்தில் வந்தன.

கை இன்னொரு பெரிய சின்னம். மணிக்கட்டில் லேஸ் வைத்த சட்டைக்கை, அதில் ஒரு பெண்ணின் கை, விரலில் மோதிரம் அல்லது பிடியில் ஒரு பூ. ஆங்கிலத்தில் பெண் கேட்பதையே கையைக் கேட்பது என்பார்கள், நாம் கைப்பிடிப்பது என்கிற மாதிரி. கையுறைக்கும் பங்கு உண்டு. அதற்கு ஒரு பழைய சொல்விளையாட்டு: ‘க்ளவ்’ என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் ‘லவ்’, அதைத்தான் உனக்கு அனுப்புகிறேன் என்று முடியும் அந்த இரண்டு வரி.

புறா, காதல் தெய்வம் வீனஸின் பறவை. ஆனால் ஜோடிப் பறவைகள் இத்தனை அட்டைகளில் வருவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பிப்ரவரி 14 அன்று பறவைகள் ஜோடி தேர்ந்தெடுக்கும் என்ற நம்பிக்கை; 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் அதை வைத்து ஒரு நெடும்பாட்டே எழுதியிருக்கிறார்.

நங்கூரம் வந்தால் உடனே மாலுமி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் சிலுவையும் இதயமும் இருக்கிறதா பாருங்கள். மூன்றும் சேர்ந்தால் விசுவாசம், நம்பிக்கை, அன்பு, நங்கூரம் நம்பிக்கைக்கு. மாலுமி என்றதும் இன்னொரு கதை. எண்கோண மரப்பெட்டிக்குள் சின்னச் சின்னச் சிப்பிகளால் இதயமும் நங்கூரமும் பதித்த ‘மாலுமி வாலண்டைன்’ என்று ஒன்று உண்டு. தனிமையில் தவித்த மாலுமிகள் கப்பலில் உட்கார்ந்து தங்கள் கையால் செய்தார்கள் என்று வெகுகாலம் நம்பினார்கள். பெரும்பாலானவை கரீபியனில் பார்படோஸ் தீவில் உள்ளூர்க்காரர்கள் செய்து கடையில் விற்றவை. மாலுமி காசு கொடுத்து வாங்கிப் போயிருக்கிறார். அதனால் அன்பு குறைந்துவிடுமா என்ன?

பூக்கள்தான் புதியவர்களை அதிகம் ஏமாற்றும். சிலவற்றை நம்பலாம். ஃபர்கெட்-மீ-நாட் பூவின் பெயரே ‘என்னை மறவாதே’. பான்சி, பிரெஞ்சில் ‘நினைப்பு’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஐவி கொடி பற்றினால் விடாது, ஆகவே விசுவாசம். மற்றவற்றில் நிதானமாக இருங்கள். 1884இல் கேட் கிரீனவே படம் வரைந்து வந்த பூமொழிப் பட்டியலில் மஞ்சள் ரோஜாவுக்குப் பொருள் காதல் குறைதல், பொறாமை. மஞ்சள் ரோஜா உள்ள வாலண்டைன் அட்டையைப் பார்த்தால், அனுப்பியவர் சண்டை போட்டார் என்று எடுத்துக்கொள்வதா? பூமொழிப் புத்தகங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஜெர்மனியிலிருந்து தாள் தாளாக வந்த வெட்டுப் படங்களில் எது அழகோ அதை ஒட்டினார்கள் என்பதே பெரும்பாலும் நடந்தது.

ஒட்டியவர்கள் யார்? இங்கேதான் ஹவ்லண்ட் வருகிறார். மாசசூசெட்ஸில் வூஸ்டர் ஊர்க்காரர், அப்பா காகிதக் கடை வைத்திருந்தார். 1847இல் படிப்பு முடித்த பெண், ஆங்கிலேய அட்டை ஒன்றைப் பார்த்து, இதை நாமே செய்யலாமே என்று மாதிரிகள் சில செய்து, விற்பனைக்குப் போன அண்ணன் தம்பிகளில் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று இருந்தவருக்கு 5,000 டாலருக்கு மேல் வந்தது. வீட்டிலேயே தோழிகளை மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். ஒருவர் வெட்ட, ஒருவர் அடித்தாள் வைக்க, அடுத்தவர் பூ ஒட்ட, மாதிரி அட்டை ஒன்று எதிரே நிற்கும். வெள்ளை லேஸுக்கு அடியில் பளபளப்பான வண்ணத் தாள் துண்டு வைத்துத் துளைகள் வழியே நிறம் தெரியச் செய்ததும் அவர் பாணிதான். அந்தப் பெண்கள் நாள் முழுக்க ஒட்டிய ரோஜாக்களில் ஒவ்வொன்றுக்கும் ரகசியப் பொருள் தேடுவது வீண் வேலை.

ஐந்தாம் படி: பாட்டை நம்பாதீர்கள், பென்சிலை நம்புங்கள்

அச்சிட்ட பாட்டும் வாங்கியதுதான். 1879இல் ஹவ்லண்ட் 131 பாட்டுகள் கொண்ட ஒரு புத்தகத்தை வெளியிட்டார். அட்டையில் இருக்கும் பாட்டு பிடிக்கவில்லையா, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து வெட்டி மேலே ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே பாட்டுத்தாள் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அடியில் இன்னொரு பாட்டு இருக்கக்கூடும். அட்டைக்குக் கைப்பட எழுதியவர்களும் சொந்தமாக யோசித்தார்கள் என்று சொல்ல முடியாது. பார்த்து எழுத மாதிரிப் பாட்டுப் புத்தகங்கள் 1790களிலேயே கடைகளில் இருந்தன.

அதனால் அச்சில் இல்லாததைத் தேடுங்கள். மூலையில் பென்சிலால் இரண்டு தலைப்பெழுத்து. மடிப்புக்குள் நூலால் கட்டிய ஒரு சுருள் முடி. யார் என்று கண்டுபிடி என்ற ஒரு வரி. பெயர் போடாமல் அனுப்புவதுதான் அந்தக் காலத்து வழக்கம் என்பதால், பெயர் இருப்பதே ஒரு செய்தி. வேறு கையெழுத்தில் பிறகு யாரோ வருடம் குறித்திருந்தால், பெற்றவர் அதை எடுத்து வைத்திருந்தார் என்று தெரிகிறது.

இதயம்? அதையும் பாருங்கள், ஒன்றும் தவறில்லை. பழைய அட்டைகளில் அது தனியாக வருவது குறைவு. அம்பு தைத்திருக்கும், எரியும், பூட்டுப் போட்டிருக்கும். சும்மா சிவப்பாக, பெரிதாக, அட்டையையே இதய வடிவில் வெட்டியிருந்தால் பெரும்பாலும் காலத்தால் பிந்தியது.

திட்டி அனுப்பியவை

ஒரு கழுதை, ஒரு மூக்கு நீண்ட கிழவி, மோசமான மையில் அச்சிட்ட மெல்லிய தாள், கீழே நான்கு வரி வசை. இதுவும் வாலண்டைன்தான். வினிகர் வாலண்டைன் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். பிடிக்காத ஆளுக்கு, கஞ்சக் கடைக்காரருக்கு, விடாமல் பின்தொடரும் வரனுக்கு அனுப்புவது. 1840க்கு முன் அனுப்பியிருந்தால் வசையை வாங்கியவரே அதற்குத் தபால் காசும் கொடுத்திருப்பார்! வாங்கியவர்கள் கிழித்துப் போட்டதால் இவை குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. பிரைட்டன் அருங்காட்சியகத்தில் நல்ல தொகுப்பு ஒன்று இருக்கிறது.

வாங்குவதாக இருந்தால்

என் முதல் ‘1860 லேஸ் அட்டை’ இணையத்தில் வாங்கியது. வந்ததும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன், நிழலே விழவில்லை. லேஸின் துளை, நிழல் எல்லாமே வழுவழுப்பான தாளில் அச்சிட்ட படம். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் ஒழுங்காக, பூ போல வட்டம் கட்டி நின்றன. அது இன்றைய ஆஃப்செட் அச்சு. பழைய வண்ணக் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தெளித்தது போல இருக்கும். அந்த லென்ஸின் விலை அட்டையின் விலையில் கால்வாசி கூட இல்லை. முதலில் அதை வாங்கியிருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு 1907க்குப் பிந்தைய ஜெர்மன் அச்சுத் தபால் அட்டைகள் போதும். நிறைய அச்சானவை என்பதால் மலிவு, தபால் முத்திரையில் தேதி இருக்கும், சின்னங்களும் ஏராளம். எலன் கிளாப்சாடில் வரைந்த கன்னம் உப்பிய குழந்தைகளைச் சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்வீர்கள். விற்பவரிடம் பின்பக்கத்துப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வைத்துக்கொள்வதில் நம் ஊர்க்காரர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். புடைப்பு நசுங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. பழைய போட்டோ ஆல்பத்தின் ஒட்டும் பக்கமும் ஆகாது. அமிலமில்லாத தாளில் வைத்து, பாலியஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் படுக்க வையுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பழைய பசை என்றால் உயிர்; லேஸை விட்டுவிட்டு, பூ ஒட்டிய இடமாகப் பார்த்துத் தின்னும். வாங்கிய தேதி, விலை, யாரிடமிருந்து என்பதை அட்டையில் எழுதாமல், தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள்.